செவ்வந்தி பேசாத பேச்சு

சங்கராபுரத்தில் கள்ளக்குறிச்சி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் செவ்வந்தியின் மாவு மில் இருக்கிறது. உள்ளே இரண்டு இயந்திரங்கள். ஒன்றில் அரிசி, கம்பு, கேழ்வரகு. மற்றதில் மிளகாய், மல்லி. இரண்டும் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. அதை மீறிப் பேசிப் பேசி அவளுடைய தொண்டை அந்த அளவிலேயே நின்றுவிட்டது. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொன்னால் கோபுரத்துப் புறாக்கள் கிளம்பிப் பறக்கும்.

அவள் கணவன் வேடியப்பன் மக்காச்சோளம் போடுகிறவன். மில்லில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று அவன்தான் ஒரு பழைய டிவியை வாங்கிச் சுவரில் மாட்டினான். மாட்டி முடித்து மோட்டாரைப் போட்ட பிறகுதான் டிவி பேசுவது கேட்காது என்று அவனுக்கு உறைத்தது.

"படம் தெரியுதுல்ல" என்றான்.

படம் தெரிந்தது. செய்திச் சேனலில் ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்து வாயை அசைத்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தி, மிளகாயைத் தள்ளிவிட்டபடியே அவர்களுக்காகப் பேச ஆரம்பித்தாள்.

"கண்ணாடி போட்டவரு சொல்றாரு, எங்க ஆட்சியில பால் பொங்கிச்சின்னு. மீசக்காரரு சொல்றாரு, பொங்கி அடுப்பு அணைஞ்சிபோச்சின்னு. நடுவுல கீற பொண்ணு, ரெண்டு பேரும் இருங்க, வெளம்பரம் போவணும்னு சொல்லிகினு இருக்குது."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அதிலிருந்து அது வழக்கமாகிப் போனது. அவளுக்குக் கருத்து இல்லாத விஷயமே இல்லை. ஏதோ ஒரு நாட்டு விண்கலம் நிலாவில் இறங்கிச் சாய்ந்துகிடப்பதைக் காட்டினால், "கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு மாசம் ஓட்டிப் பழகிட்டுப் போயிருந்தா சாஞ்சிருக்காது" என்பாள். வானிலை என்று யாராவது ஆரம்பித்தால், "போன்ல மழ இல்லன்னு போட்டிருந்தான். மழ வந்திச்சி. போன நனையாம உள்ள எடுத்துவெச்சேன். மொளகா நனைஞ்சிபோச்சி" என்பாள். செயற்கை நுண்ணறிவைப் பற்றி ஒருவர் விளக்கினார். எதைக் கேட்டாலும் பதில் சொல்லுமாம், தெரியாது என்று சொல்லவே சொல்லாதாம். செவ்வந்தி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"அது எங்க மாமனாருதாங்க. அவருக்குக் கரண்ட் செலவு கம்மி."

செல்போன் கடை வைத்திருக்கும் சின்னதுரை ஒருநாள் கேழ்வரகு அரைக்க வந்தான். அவள் பேசியதைப் படம் எடுத்து இணையத்தில் போட்டான். ஒரே வாரத்தில் தியாகதுருகம் பஸ்ஸில் கூட அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அரைக் கிலோ கோதுமையை எடுத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் மில்லுக்கு வந்தார்கள். அரைத்து முடிந்தும் போகாமல் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் பேரூராட்சித் தேர்தல் வந்தது. அவர்கள் வார்டில் அருள்மொழி என்பவர் சுயேச்சையாக நின்றார். உரக்கடைக்காரர், நல்ல மனிதர்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்பது ஒன்றுதான் குறை. சின்னம் இஸ்திரிப் பெட்டி. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் மில்லுக்கு வந்தார்கள்.

"அக்கா, அண்ணனப் பத்தி நாலு வார்த்த நல்லதா சொல்லுங்க. வீடியோ எடுத்துக்கறோம்."

"நாலு இருக்குதா? நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லவருக்கா" என்றான் ஒருவன்.

"ஒண்ணு ஆச்சி. மிச்சம் மூணு?"

அவர்கள் போய்விட்டார்கள். அதோடு முடிந்தது என்று செவ்வந்தி நினைத்தாள்.

அந்த வாரமே எதிர்த் தையல் கடை ஜெயசுதா போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அக்கா, மோட்டார நிறுத்து! இத பாரு!"

போனில் செவ்வந்தி நின்றாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். தலையில் ஒரு பொட்டு மாவு இல்லை. "வணக்கம். நான் உங்கள் செவ்வந்தி பேசுகிறேன்" என்று கையைக் கூப்பினாள். அருள்மொழி அவர்களின் தன்னலமற்ற தொண்டைப் பற்றிச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டியில் பொன்னான வாக்கைப் போடச் சொன்னாள். முகம் அவளுடையது. குரலும் அவளுடையதேதான், கத்தல் மட்டும் இல்லை.

சாப்பாட்டுக்கு வந்திருந்த வேடியப்பன் எட்டிப் பார்த்தான். "இந்தப் பொடவ எப்ப எடுத்த?"

"யோவ், அது நான் இல்லய்யா. கம்ப்யூட்டர்ல செஞ்சிருக்கான்."

வேடியப்பன் மறுபடியும் முழுவதையும் பார்த்தான். "அதான பாத்தேன். எவ்ளோ பதவிசா பேசுது."

எல்லோரோடும் சேர்ந்து செவ்வந்தியும் சிரித்தாள். சிரிப்பு நின்றது மறுநாள்தான். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை சாமை கொண்டுவரும் ராஜாம்பாள் பையை இறக்கிவைத்து, "நீயே சொல்லிட்டியேம்மா, அப்ப நல்ல ஆளுதான். என் தங்கச்சி இந்த வார்டுதான். அவளாண்ட போடச் சொல்லிட்டேன்" என்றாள். இருக்கிறவர்களையெல்லாம் கேலி பேசலாம், ஆனால் அவள் சொன்னாள் என்று நம்பி ஒருத்தி தன் தங்கச்சி ஓட்டையே தீர்மானித்துவிட்டாள். சொன்னது அவள் இல்லை. வீட்டுக்குள் யாரோ நுழைந்து அவள் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் திரிவது போல இருந்தது.

அன்று டிவியில் ஆறு பேர் வாயை அசைத்தார்கள். செவ்வந்தி ஒன்றும் பேசவில்லை. மாவை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அருள்மொழி ஓட்டுக் கேட்டுச் சந்துக்குள் வந்தார். மைக் கட்டிய ஆட்டோ சந்தில் நுழையாது என்பதால் நடந்தே வந்தார். பின்னால் முப்பது பேர். மில் வாசலில் கூட்டத்தைக் கண்டதும் நின்று, கையைக் கூப்பிப் பேச ஆரம்பித்தார்.

செவ்வந்தி மோட்டாரை நிறுத்தவில்லை. நின்றிருந்த இரண்டாவது இயந்திரத்தையும் போட்டாள்.

அருள்மொழியின் வாய் அசைந்தது. ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. செவ்வந்தி அவர் பக்கத்தில் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"அண்ணன் இன்னா சொல்றாருன்னா, போன்ல வர்ற செவ்வந்தி டூப்புன்னு சொல்றாரு!"

கூட்டம் சிரித்தது. தம் பேச்சிலேயே மூழ்கியிருந்த அருள்மொழி, தமக்குத்தான் வரவேற்பு என்று இன்னும் உற்சாகமானார். விரலை உயர்த்தினார்.

"எங்க ஆளுங்கதான் செஞ்சாங்க, அவங்கள சும்மா வுட மாட்டேன்னு சொல்றாரு!"

அவர் நெஞ்சில் கை வைத்தார்.

"மனசு வலிக்குதாம்!"

கைதட்டல். அருள்மொழி நான்கு பக்கமும் திரும்பித் தலையை ஆட்டி ஆட்டிக் கும்பிட்டார். "சத்தியமா அழிச்சிடறேன்னு ஒத்துக்கறாரு, பாத்துக்கங்க!" என்றாள் செவ்வந்தி. ஜெயசுதா உட்பட எல்லோர் கையிலும் போன் இருந்தது. அவருடைய ஆட்கள் இருவர் மட்டும் சிரிக்காமல் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள்.

மறுநாள் காலையில் அருள்மொழி தனியாக வந்தார். அதற்குள் மில் வாசலில் எடுத்த வீடியோவை அவரும் பார்த்திருந்தார். செவ்வந்தி சண்டைக்குத் தயாராக முந்தானையைச் செருகிக்கொண்டாள். அவரோ மிளகாய் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாதும்மா. பசங்க போன்ல காட்டனாங்க. நீங்க நெஜமாவே சொன்னீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். யாரையும் வுட்டுவெக்காத பொம்பள, நம்மளப் போயி நல்லவன்னு சொல்லுதேன்னு வூட்ல சொல்லி ரொம்ப சந்தோஷப்பட்டேன்."

செவ்வந்தி செருகிய முந்தானையை எடுத்துவிட்டாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிங்க. மொளகா மேல உக்காந்துகினு இருக்கீங்க, எந்திரிங்க மொதல்ல. அழிச்சா மட்டும் போதாது. உங்க மைக்லயே சொல்லுங்க."

அவர் சொன்னார். அன்று முழுவதும் ஆட்டோ தெருத்தெருவாகப் போய், "வாக்களிப்பீர் இஸ்திரிப் பெட்டி! நீங்கள் பார்த்த வீடியோவில் இருப்பது செவ்வந்தி அம்மா அல்ல! அல்ல! அல்ல!" என்று முழங்கியது. பார்க்காதவர்களும் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள்.

செவ்வந்தி போன் போட்டு ராஜாம்பாளிடமும் விஷயத்தைச் சொன்னாள். மலையில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ராஜாம்பாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா. இப்ப நீ இல்லன்னு சொல்லிகினு இருக்கியே, இது நீதானா?" என்றாள்.

"நான்தான்! செவ்வந்தி! சங்கராபுரத்து மில்லு!"

"கத்தாத, கத்தாத. நீதான்" என்றாள் ராஜாம்பாள்.

அருள்மொழி ஜெயித்துவிட்டார். பொய் வீடியோவால் என்று சிலர் சொன்னார்கள், அதை மறுத்ததால் என்று சிலர் சொன்னார்கள். ஜெயசுதா தையல் கடையில் அரை நாள் இதே பேச்சு. கடைசியில் தீர்ப்புக்காக மில்லுக்கு வந்தார்கள்.

"எதுத்து நின்னவரு மைக் ஆட்டோவ விடியறதுக்குள்ள வுட்டாருல்ல?" என்றாள் செவ்வந்தி. "தூக்கத்தக் கெடுத்தவனுக்கு எவன் ஓட்டுப் போடுவான்? இதுக்குப் போயி ஆராய்ச்சி பண்ணிகினு."

"நீ யாருக்குக்கா போட்ட?" என்று கேட்டாள் ஜெயசுதா.

செவ்வந்தி கம்பை எடுத்துக் கொட்டி மோட்டாரைப் போட்டாள். அவள் வாய் அசைந்தது. என்ன சொன்னாள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் மெதுவாகப் பேசியிருந்தாள்.