ரத்தம் தேடியவருக்கு வெற்றிலை வந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மதுரை வில்லாபுரத்தில், எங்கள் வீட்டுச் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பழக்கமில்லாத ஓர் ஆண் குரல், மூச்சிரைக்கப் பேசியது.

"அக்கா, ரத்தம் வேணும்னு உங்க சைட்டைத் தொறந்தா வெத்தலையா வருதுக்கா!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி, இரண்டு வெப்சைட்டுகளை அதில் நடத்திவந்தேன். ஒன்று, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் என் தம்பியுடையது. இன்னொன்று, எங்கள் சர்ச்சின் ரத்ததானக் குழுவுடையது. ரத்தம் தேவைப்படுபவர்கள் அதில் எழுதினால் எனக்குத் தகவல் வரும்; நான் கொடையாளர்களை அழைப்பேன். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் நானே தட்டுத்தடுமாறிச் செய்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் பாதுகாப்புச் சான்றிதழ் போட்டிருந்தேன். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் வருமே, அதற்காக. தம்பியின் சைட்டைத் திறந்தேன், பூட்டு வந்தது. ஒரே கம்ப்யூட்டர்தானே, இரண்டுக்கும் சேர்ந்திருக்கும் என்று நினைத்து, மற்றதைத் திறந்துகூடப் பார்க்காமல் எழுந்துவிட்டேன்.

போனில் பேசியவர் திருமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நின்றிருந்தார். மனைவிக்குப் பிரசவம், ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். எங்கள் சைட்டைத் திறந்ததும் 'ஆபத்தானது' என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. அதையும் தாண்டி உள்ளே போனால் வெற்றிலைக் கட்டுகளின் படம். அந்தப் பக்கத்தின் அடியில் சைட்டைப் பராமரிப்பவர் என்று போட்டிருந்த என் எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்தேன். ஓ நெகட்டிவ் மூன்றே பேர். முதலாமவர் எடுக்கவில்லை. இரண்டாமவர் சென்னையில் இருந்தார். மூன்றாமவர், திருமங்கலத்திலேயே வேலை பார்க்கும் ஒரு டீச்சர். "இந்தா கெளம்பிட்டேன். பஸ்ஸெல்லாம் வேணாம், ஆட்டோவுல போறேன்" என்றார். பதினோரு மணிக்கு ரத்தம் ஏறியது. மதியம் அந்த மனிதர் மறுபடி கூப்பிட்டார். "பொம்பளப் பிள்ளைக்கா. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றவர் அழுதுவிட்டார்.

சந்தோஷம்தான். ஆனால் இவருக்கு முன்பும் யாராவது இப்படி வந்திருப்பார்களோ என்று தோன்றியது. சர்வரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். அந்த நான்கு நாட்களில் இன்னும் ஆறு பேர் வாசல்வரை வந்து, எச்சரிக்கையைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். அவர்களுக்கு யார் ரத்தம் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் லீவு போட்டேன். ஒரே கம்ப்யூட்டர் என்றாலும் ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக வழி பிரித்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் முதல் சைட்டே எல்லோருக்கும் திறக்கும், ஒவ்வொன்றின் பெயரும் சான்றிதழில் இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். சான்றிதழ்கள் காலாவதியாகும் முன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படியும் செய்தேன். என் போனில் பார்த்தது போதாதென்று பக்கத்து வீட்டுக்காரரின் போனையும் வாங்கி இரண்டையும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் பூட்டு. வெற்றிலைக்கு வெற்றிலை, ரத்தத்துக்கு ரத்தம்.

ஞாயிற்றுக்கிழமை குழுவினர் முன் எழுந்து நின்று, நடந்த தப்பை மறைக்காமல் சொன்னேன். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். "அம்புட்டையும் ஒத்த ஆளா சரி பண்ணிட்டியா? அப்ப எங்க ஸ்கூல் சைட்டையும் நீயே வச்சுக்க" என்றார் அந்த டீச்சர்.

இன்று அந்தக் கம்ப்யூட்டரில் ஏழு முகவரிகள் இருக்கின்றன, ஏழுக்கும் பூட்டு இருக்கிறது. யார் கேட்டாலும் மார்தட்டித்தான் சொல்வேன். சொல்லும்போதெல்லாம், பதறிப்போய் நின்ற நேரத்திலும் திரும்பிவிடாமல் அந்த வெற்றிலைப் பக்கத்தின் கடைசி வரிவரை படித்த ஒரு மனிதருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.