எங்கள் மரச்சட்ட வீட்டைப் பற்றி வாசலில் நின்று சொன்ன பொய்

இன்று மத்தியானம் என் வீட்டைப் பற்றி, என் வீட்டு வாசலிலேயே நின்று, ஒருவர் பொய் சொன்னார்!

அதுவும் ஒரு கூட்டத்துக்கு முன்னால்!

யேர்மனியில் வுப்பர்டால் நகருக்கு வெளியே சின்ன ஊர் எங்களுடையது. பழைய மரச்சட்ட வீடுகளுக்குப் பெயர்போனது. கறுப்புச் சட்டம், இடையில் வெள்ளைச் சுவர். படங்களில் பார்த்திருப்பீர்கள்.

அந்த வெள்ளைக்கு உள்ளே இருப்பது களிமண்ணும் வைக்கோலும்தான்.

நாங்கள் வாங்கியபோது மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தார். "யேர்மனிக்கு வந்தும் மண் வீடோ?"

(அவருடைய புது வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரர் சுகம் விசாரிப்பார். அதை நான் சொல்லவில்லை!)

இன்று ஊரில் பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் நாள். ஊர்ச் சங்கத்துக்காரர் ஒருவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக உள்ளே போவார். எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

நான் மேல்மாடி யன்னலில் போர்வை உதறிக்கொண்டிருந்தேன். கீழே அவருடைய குரல் கேட்டது.

"இதை வெளியில் நின்று பார்த்தால் போதும். வெளிநாட்டுக் குடும்பம் இருக்கிறது. உள்ளே பழையது எல்லாவற்றையும் உடைத்துவிட்டார்கள்."

உடைத்துவிட்டோமாம்!

விடுமுறைக்கு எங்கும் போகாமல் களிமண் குழைத்தவர்கள் நாங்கள். முந்திய சொந்தக்காரர் (சுத்த யேர்மன்காரர்!) பலகை அடித்து மறைத்திருந்த உத்தரங்களைத் திறந்து, சுரண்டி, எண்ணெய் பூசியவர்கள் நாங்கள்.

யன்னலால் தலையை நீட்டினேன். (யேர்மன் மொழியில் கத்தியதைத் தமிழில் தருகிறேன்.)

"நில்லுங்கோ! நான் கீழை வாறன். எல்லாரும் உள்ளுக்கு வாங்கோ!"

குசினியிலிருந்து என் கணவர் ஓடிவந்தார்.

"உமக்கு விசரே? மீன் பொரிக்கிறன், வீடெல்லாம் மணக்குது!"

"மணக்கட்டும். மனிசர் இருக்கிற வீடுதானே!"

கதவைத் திறந்தேன். நைற்றியோடு! தலையில் துவாயோடு!

எல்லாரும் வந்தார்கள். சங்கத்துக்காரர் கடைசியாக வந்தார்.

ஓர் இடத்தில் மட்டும் வெள்ளை பூசாமல், வைக்கோல் தெரிய விட்டிருக்கிறோம். ஒரு பெண் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"யார் செய்தது?"

"நானும் இவரும்."

இவர் கையில் மீன் கரண்டியோடு தலையாட்டினார்.

உத்தரத்துக்குக் கீழே மாடத்தில் அம்பாள் படம் இருக்கிறது. ஒருவர் அதைக் காட்டி, "இது இந்த வீட்டுக்குப் பொருந்துமா?" என்றார்.

"முந்தி இருந்தவை தங்கடை சாமியை வைச்சிருப்பினம். இப்ப இருக்கிறது நாங்கள்."



சங்கத்துக்காரர் என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில், "மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள்" என்றார்.

"ஒருக்கா மணியடிச்சு எங்களைக் கேட்டிருக்கலாமே?"

அவர் கண் கூட்டத்தின் பக்கம் போனது.

"பொய்யை எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னனீங்கள்? இதையும் எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ."

அவருடைய முகம் சிவந்துபோனது. ஆனால் திரும்பி நின்று சொன்னார். "நான் சொன்னது பிழை. இந்த வீட்டை மீட்டது இவர்கள்தான்."

அந்தப் பெண்தான் முதலில் கைதட்டினார். (நான் அழவில்லை! அந்தச் சந்தோசத்தை ஆருக்கும் கொடுக்கமாட்டேன்!)

போகும்போது சங்கத்துக்காரர் கேட்டார். "அடுத்த வருடம் உங்கள் வீட்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?"

"ஓம், சேருங்கோ. ஆனா இந்த வீட்டின்ரை கதையைச் சொல்லுறது நான்."

உங்கள் ஊரிலும், உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே உங்களைப் பற்றிக் கதை சொல்கிறவர்கள் இருக்கிறார்களா? அவர்களுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?