என் மனைவி மோட்டாருக்கு நீலம் அடித்தபோது

ஜாசின் ஊரைத் தாண்டி, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் ஒரு செம்பனைக் குலை கிடந்தது. முன்னால் போன லாரியிலிருந்து உருண்டிருக்க வேண்டும். குருபோங்கில் உள்ள தொழிற்சாலைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்த நான் அதைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். மோட்டார் சைக்கிள் சரிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு, தார் ரோட்டில் தேய்ந்தபடியே போய்ப் புல்லில் நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

என்னைப் பார்த்து அழுது முடித்த பிறகு என் மனைவி போர்ச்சுக்குப் போய் மோட்டாரைப் பார்த்தாள். கால் மறைக்கும் முன்பக்கக் கவர் நீளமாக விரிசல் விட்டிருந்தது. பக்கவாட்டுக் கவரில் சாயம் உரிந்து வெறும் பிளாஸ்டிக் தெரிந்தது. முன்சக்கரத்து மட்கார்டைப் பூனை பிறாண்டியதுபோல் இருந்தது.

"புதுசா ஒரு செட்டு வாங்கிப் போட்டுறலாம் லா," என்றேன்.

கடையில் விசாரித்தால் எங்கள் பழைய மாடலுக்குச் சிவப்பும் கறுப்பும்தான் இருந்தன. நிறம் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும், அதற்கு அலைய வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"நீலமே இருக்கட்டுங்க. நாமளே அடிச்சிக்குவோம்."

"யாரு அடிக்கிறது? என் கையப் பாரு."

"எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

அவள் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறாள். மதியத்துக்கு மேல் வீடு திரும்பிவிடுவாள். தீபாவளிக்கு வீட்டுச் சுவருக்குச் சாயம் அடித்ததைத் தவிர அவளுக்கு வேறு அனுபவம் கிடையாது. நான் நாற்காலியில் உட்கார்ந்து எந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று சொன்னேன். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்தத் துளைக்கு உரியது என்று தெரிவதற்காகப் பிஸ்கட் டின் மூடிகளில் தனித்தனியாகப் போட்டு வைத்தாள்.

இருக்கையைத் தூக்கியபோதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். இருக்கைக்கு அடியில் வெயில் படாத இடத்தில் நீலம் வேறு மாதிரி இருந்தது. ஆழமாக, கொஞ்சம் ஊதா கலந்ததுபோல.

"நாம வாங்குனப்ப மோட்டார் இந்தக் கலர்லயா இருந்துச்சு?"

எனக்கு நினைவில்லை. வருடக்கணக்காக வெயிலில் நின்று வெளுத்த நீலத்தையே அதன் நிறம் என்று பழகியிருந்தேன். அவள் அந்த இடத்துக் கவரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, சாயம் கலந்து ஸ்ப்ரே டின்னில் கொடுக்கும் கடைக்குப் போனாள். உடைந்த இரண்டு மூன்று கவர்களுக்கு மட்டும் அடிப்பதாக இருந்த வேலை, அன்றோடு மோட்டார் முழுவதற்குமான வேலையாகிவிட்டது.

விரிசலை உட்பக்கமாகக் கம்பிவலையும் பசையும் வைத்து அடைத்தாள். பிறகு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். மதிய நேரமெல்லாம் அந்தச் சத்தம்தான். எனக்கு வழுவழுப்பாகத் தெரிந்த இடத்தை அவள் கண்ணை மூடி விரலால் தடவிப் பார்ப்பாள். "இங்க இன்னும் மேடு இருக்கு," என்று மறுபடியும் தேய்ப்பாள்.

சாம்பல் நிறப் பிரைமர் நன்றாகவே விழுந்தது. நீலமும் விழுந்தது. கடைசியாகப் பளபளப்புக்கு அடிக்கும் கிளியரை அடித்த நாளில் மழை வருகிற மாதிரி இருந்தது. அதற்குள் முடித்துவிடலாம் என்று அவசரப்பட்டாள். மழை வந்தது. ஈரக் காற்று பட்டு, நீலத்தின்மேல் பால் கொட்டினாற்போல் வெள்ளை படர்ந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், தண்ணீர் வாளியை எடுத்து வந்து மறுபடியும் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாம் முறை நல்ல வெயில் நாளாகப் பார்த்து நீலம் அடித்தாள். அன்றுதான் அந்தச் சங்கடம் நடந்தது.

பக்கத்து வீடுதான் எங்கள் வரிசையின் கடைசி வீடு. அங்கே ஒரு மலாய் அம்மா தனியாக இருக்கிறார். நாங்கள் 'காக்', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வீட்டுக்கும் நடுவே கம்பி வேலி மட்டும்தான். நாங்கள் ஆரம்பித்தபோது வேலியோரக் கொடியில் துணி எதுவும் இல்லை. இடையில் அவர் துவைத்துக் காயப்போட்டதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. காற்று திரும்பியிருந்தது. என் மனைவி முகமூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, தொழுகைக்குப் போடும் அவருடைய வெள்ளைத் தெலெகோங்கின் விளிம்பில் நீலப் பொட்டுகள் இருந்தன. தவிடு தூவினதுபோல் சின்னச் சின்னதாக.

"நான் போய்ச் சொல்றேன்," என்றேன்.

"நான்தான் அடிச்சேன். நானே சொல்றேன்."

வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மலாயில் நேராகச் சொன்னாள், சுற்றி வளைக்கவில்லை. காக் அந்த விளிம்பை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். அதில் வெள்ளை நூலிலேயே பூ வேலை செய்திருந்தது. "என் மகள் தைத்தது," என்றார். பிறகு, "தாக் அப்பா லா," என்றார். பரவாயில்லை என்று வாய் சொன்னது, முகம் சொல்லவில்லை. மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியும்.

என் மனைவி அந்தத் தெலெகோங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்துறலாமே," என்றேன்.

"குடுப்போம். ஆனா புதுசுல அவங்க மக தையல் இருக்காதுல்ல?"

அதற்குப் பிறகு அவள் செய்ததை இன்றைக்கும் வியப்போடுதான் நினைக்கிறேன். காக்கின் துணியை அவள் தொடவே இல்லை. அதேபோன்ற துணியில் ஒரு முழம் வாங்கி வந்து, அதன்மேல் அதே நீலத்தைத் தூவிக் காயவிட்டாள். பிறகு அந்த முழத் துணியில் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். துவைக்கும் சோப்பில் போகவில்லை. சமையல் எண்ணெய் கறையைப் பரப்பியது. தின்னரை ஊற்றியபோது நீலம் கரைந்து பெரிய வட்டமாகிவிட்டது. கடைசியில், காது குடையும் பஞ்சுக்குச்சியைத் தின்னரில் லேசாகத் தொட்டு, அடியில் ஒரு பழந்துணியை வைத்து, துணியின் பின்பக்கத்திலிருந்து ஒற்றினால் பொட்டு கீழே இறங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். அதைத் தன் வெள்ளைச் சட்டை ஒன்றிலும் செய்து பார்த்த பிறகுதான் காக்கின் துணியை மடியில் எடுத்து வைத்தாள்.

ஒரு வாரம் போல அந்த வேலை நடந்தது. மோட்டார் கவர்கள் ஹாலில் செய்தித்தாள்மேல் கிடந்தன. அவள் கேன்டீனிலிருந்து வந்து, குளித்து, சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டாக ஒற்றினாள். பூவேலைக்குள் சிக்கியிருந்த சிலவற்றை அவள் விட்டுவிட்டாள். அழுத்தினால் நூல் போய்விடும் என்று பயந்தாள்.

துவைத்துப் பெட்டி போட்டு, புதிதாக ஒன்றும் வாங்கி, இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மிச்சமிருந்த பொட்டுகளைத் தானே விரல் வைத்துக் காட்டினாள். "இதெல்லாம் என்னால எடுக்க முடியல காக். எடுத்தா தையல் பிரிஞ்சிரும்."

காக் புதியதைத் திரும்பக் கொடுத்துவிட்டார். பழையதை அங்கேயே, வாசலில் நின்றபடியே போட்டுப் பார்த்துக்கொண்டார். "நீ வேலை முடிச்சிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல காக். இனிமே இங்க அடிக்க மாட்டேன். கடைக்குக் குடுத்துறலாம்னு இருக்கேன்."

"ஏன் கடைக்கு?" என்றார் காக். அவர் வீட்டுக்குப் பின்னால் முன்பு கோழி வளர்த்த தகரக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் வீடுகள் கிடையாது, செம்பனைதான். "அங்க வந்து அடி. காத்து மரத்துக்குத்தான் போகும். நான் துணிய முன்னாடி போட்டுக்கிறேன்."

அப்படித்தான் மூன்றாவது முறை நடந்தது. இரண்டு பெண்களுமாகக் கொட்டகையைக் கழுவினார்கள். புழுதி எழாமலிருக்கத் தரையில் தண்ணீர் தெளித்தார்கள். பழைய படுக்கை விரிப்புகளைச் சுற்றிக் கட்டினார்கள். கவர்களைத் துணி மாட்டும் கம்பிகளில் தொங்கவிட்டோம். என்னுடைய நல்ல கையால் கம்பியைத் திருப்பிக் கொடுப்பதுதான் என் வேலை. பாதியில் நின்றுபோன நீலத்தை அவள் தேய்த்தெடுத்து, அங்கேயே மறுபடி பிரைமர் அடித்திருந்தாள்.

என் மனைவி ஸ்ப்ரே டின்னை வெந்நீரில் சற்று நேரம் வைத்து, குலுக்கி, வெறும் அட்டையில் அடித்துப் பார்த்தாள். பிறகு கவருக்கு வெளியிலேயே தொடங்கி, ஒரே வேகத்தில் கையை நகர்த்தி, மறுபக்கம் வெளியே போய் நிறுத்தினாள். முதல் பூச்சில் சாம்பல் நிறம் இன்னும் தெரிந்தது. எனக்குப் பொறுமையில்லை. "இன்னொரு தடவ அடிச்சிறு," என்றேன்.

"சும்மா இருங்க. காயட்டும்."

நீலம் மெல்ல மெல்லத்தான் வந்தது. மூன்றாவது பூச்சில் நாங்கள் மறந்துபோயிருந்த நிறம் முழுசாக எழுந்து நின்றது. கிளியர் அடித்து முடித்தபோது கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சம் கவரில் நீளமாக ஓடியது. காக் எட்டிப் பார்த்துவிட்டு, "சந்தேக்," என்றார். அழகு என்று சொல்லிவிட்டு, எங்கள் மூவருக்கும் தேநீர் போடப் போனார்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த அன்று அவள் மோட்டாரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மட்கார்டின் அடியில் ஓரிடத்தில் சாயம் வழிந்து கண்ணீர்த் துளிபோல் காய்ந்திருந்ததை அவளேதான் எனக்குக் காட்டினாள். பிறகு இருக்கையில் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தாள். இத்தனை வருடமும் என் பின்னால் மட்டுமே உட்கார்ந்து வந்தவள்.

"ஏங்க, இவ்வளவும் பண்ணிட்டு நான் இன்னும் பின்னாடிதான் உக்காரணுமா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே லைசன்ஸ் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். தேர்வில், ஒடுக்கமான பாலத்தில் ஓட்டிக் காட்டும் இடத்தில் முதல் தடவை சறுக்கி இறங்கித் தோற்றாள். வீட்டுக்கு வந்து, எங்கள் தாமான் குடியிருப்பு ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதன்மேலேயே மெதுவாகப் போய்ப் பழகினாள். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் பின்னாலேயே வந்தார்கள். அவளுக்கு அதைப்பற்றிக் கவலையே இல்லை. இரண்டாம் தடவை தேறினாள்.

என் மணிக்கட்டு கூடிவிட்டது, ஆனாலும் முன்போல் இல்லை. அதிக நேரம் பிடித்தால் வலிக்கிறது. இப்போது தொழிற்சாலை பஸ்ஸில் போகிறேன். மோட்டார் அவளிடம் இருக்கிறது. கேன்டீனுக்கு அதில்தான் போகிறாள். காக் கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றாலும் கூட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் அவளுடைய அக்காவைப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்தாள்.

"வெக்கப்படாம இடுப்பப் புடிச்சிக்கிங்க," என்றாள். பிடித்துக்கொண்டேன்.