இரண்டு மென்பொருளும் ‘படம்’ என்றன

பார்வை போன பிறகுதான் எழுதக் கற்றேன். கணினியில் மெதுவாகத் தட்டினாலும் ஒவ்வொரு வரியும் சந்தோஷம்.

திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று வேகம். மற்றொன்றில் தமிழ் தெளிவு.

நேற்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஏதோ வந்தது. இரண்டுமே "படம்" என்பதோடு நிறுத்திக்கொண்டன; படத்துக்குள் இருக்கும் எழுத்தை அவை வாசிக்காது. முகூர்த்த மாதம், கல்யாணப் பத்திரிகைதான் என்று நினைத்து, "மிக்க மகிழ்ச்சி, வாழ்த்துகள்" என்று எழுதினேன்.

இன்று பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் பக்கத்து வீட்டு முனியப்பன் என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க, மாது செத்ததுக்கா வாழ்த்துச் சொன்னீங்க? அவுரு சம்சாரமும் அதைப் பாத்துட்டாங்க."

மாது என் சிறுவயதுக் கூட்டாளி. நேற்றே அடக்கம் முடிந்துவிட்டதாம். வந்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்.

போஸ்டர் போடுகிறவர்களே, படத்துக்குக் கீழே தனியாக ஒரு வரி தட்டுங்கள். வாழ்த்துவதா, அழுவதா என்றாவது தெரியட்டும்.