ஈரத் தலையில் பூசிய கறுப்பு

பிலோமினாவின் வயது இடத்துக்கு இடம் மாறும். தேவாரம் ஊர் மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் ஐம்பத்தேழு. போடியில் அவள் காய் பொறுக்கும் ஏலக்காய்க் கிட்டங்கியின் நோட்டைப் பார்த்தால் நாற்பத்தெட்டு. இருபது வருசத்துக்கு முன்னால் வேலை கேட்டுப் போனபோது, கூடச் சொன்னால் சேர்க்கமாட்டார்களோ என்று பயந்து ஒன்பது வயதைக் குறைத்துச் சொல்லிவைத்தாள். அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. பொய்யும் அவளோடு சேர்ந்து வருசத்துக்கு ஒரு வயது ஏறிக்கொண்டே வந்தது.

அவள் பயப்படாத பொருள் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா என்று கேட்டால் சந்தேகம்தான். பஸ் கண்டக்டருக்குப் பயம், பங்குச் சாமியாருக்குப் பயம், மேற்கே மின்னினால் பயம். தெருநாய் குரைத்தால்கூட பிலோமினா அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நடப்பாள் என்று இருளம்மாள் கேலி செய்வாள். இருளம்மாள் கிட்டங்கியில் அவளுக்குப் பக்கத்தில் சுளகு முறத்தோடு உட்காருபவள். இருபது வருசமாக இருவரும் முட்டி இடிக்க உட்கார்ந்து பொறுக்குகிறார்கள். இருளம்மாள் அறுபதைத் தொட்டவள், தலை பஞ்சாக வெளுத்தவள். ஆனால் கிட்டங்கியில் பொறுக்கும் முப்பத்திரண்டு பெண்களில் அவளைப்போல் காய் பார்க்க ஆள் கிடையாது. அது முதலாளி வைகுண்டராஜுக்கே தெரியும்.

பிலோமினாவின் பயத்துக்கு நியாயமும் இருந்தது. புருசன் மரியராஜ் மேகமலை எஸ்டேட்டில் பூச்சிமருந்து தெளித்தவர். நெஞ்சில் இழுப்பு வந்து ஆறு வருசமாக வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் அவர் மூச்சுக்கு மருந்து வாங்குவதும் இவளுடைய கண்ணையும் விரலையும் நம்பித்தான்.

சனிக்கிழமை சாயந்தரம் முதலாளியின் மகன் அஜய்குமார் எல்லோரையும் கூப்பிட்டான். கோயம்புத்தூரில் படித்துவிட்டு வந்து ஒரு வருசமாகக் கிட்டங்கியைப் பார்ப்பவன். அவனுக்குப் பின்னால், நிறம் பார்த்துக் காய் பிரிக்கும் புது மிஷின் தார்ப்பாய் விலகி நின்றது.

"மிஷின் விட்டதப் பொறுக்கப் பத்துப் பேர் போதும்னு அப்பா சொல்லிட்டாக. திங்கக்கிழம ஆளுக்கு ஒரு சுளகு காய் தருவேன். ஒவ்வொண்ணுலயும் நாப்பது கெட்ட காய் எண்ணிக் கலந்திருப்பேன். அரை மணி நேரம். யாரு கண்ணு நல்லாருக்கோ அவுக இருக்கலாம்" என்றான்.

பேசும்போது அவன் பார்வை ஒரு நிமிசம் இருளம்மாளின் வெள்ளைத் தலையில் போய் நின்றது. அதை இருளம்மாள் கவனிக்கவில்லை. பிலோமினா கவனித்தாள். அந்த நிமிசமே அவள் கை தானாகப் போய்த் தன் வகிட்டைத் தடவியது.

பஸ்ஸில் இருளம்மாளிடம் சொன்னாள். "அக்கா, வயசானவகள எடுத்துருவாக போல."

"அவுக கண்ணுன்னுதானே சொன்னாக. ஏத்தா, மசுரப் பாத்தா காய் பொறுக்கச் சொல்லப் போறாக?" என்றாள் இருளம்மாள்.

இருளம்மாளுக்கும் வேலை வேண்டும். புருசனை விட்டுவந்த மகளும் இரண்டு பேத்திகளும் அவள் கையைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் அவள் சிலமலை வருவதற்குள் தூங்கிவிட்டாள். பிலோமினாவுக்குத் தேவாரம் வரை கண் மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய் ஒரு தலைமுடி டை பாக்கெட் வாங்கினாள். கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. இவளாக, "வீட்டுக்காரருக்கு" என்றாள். மரியராஜின் தலை வழுக்கை என்பது அந்தக் கடைக்காரருக்கும் தெரியும்.

இனித்தான் சிக்கல். ஏலக்காய்க் கிட்டங்கிப் பெண்கள் மல்லிகைப்பூ வைப்பதில்லை, பவுடர் போடுவதில்லை, வாசனை எண்ணெயைத் தொடுவதில்லை. பக்கத்தில் இருக்கிற வாடையையெல்லாம் ஏலக்காய் இழுத்து வைத்துக்கொள்ளும். ஒருமுறை ஒருத்தி தலைவலித் தைலம் தடவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு மூட்டைக் காயும் தைலம் மணக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. அதோடு அந்தப் பெண்ணுக்கும் வேலை போனது. டை வாடைக்கு என்ன செய்வது? வீட்டுக்குள் வைத்துப் பூசினால் மரியராஜுக்கு இழுப்பு வந்துவிடும். அதற்கு என்ன செய்வது? பூசியதை அலசக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். குழாயில் தண்ணீர் திங்கட்கிழமை விடியற்காலைதான் வரும்.

யோசித்து யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையை நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத்தோடு ஈரமாக டையைப் பூசிவிட்டால் வாடை தண்ணீரில் அடங்கிவிடும். துவட்டிக் காயவைக்கிற நேரமும் மிச்சம். குழம்பில் காரம் கூடினால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டுகிற கெட்டிக்காரத்தனம்தான் இது. காய்ந்த முடியில் பூசவும் என்று பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. பாக்கெட்டின் முதுகை யார் படிக்கிறார்கள்?

திங்கட்கிழமை தண்ணீர் வந்ததும் கொல்லைக் குழாயடியில் தலைக்குக் குளித்தாள். சொட்டச் சொட்ட டையைக் குழைத்துப் பூசினாள். அது பிடிக்காமல் நெற்றியிலும் பிடரியிலும் வழிந்தது. வழிந்ததை வழித்து மறுபடி மேலே ஏற்றினாள். அப்படியே போய் மரியராஜுக்குக் கஞ்சி ஊற்றக் குனிந்தாள். குனிந்ததுதான் தப்பு. புருவத்தில் தேங்கி நின்ற கறுப்புத் தண்ணீர் மொத்தமாக வலது கண்ணுக்குள் இறங்கியது.

மிளகாய்த் தூளை அள்ளி வைத்ததுபோல் எரிந்தது. கையால் கசக்கினாள். அந்தக் கையிலும் டை இருந்தது. அதே கையால் இடது கண்ணையும் துடைத்தாள்.

"ஏ பிலோமி, என்னத்தா ஆச்சு?" மரியராஜ் கட்டிலிலிருந்து எழ முயன்றார்.

"ஒண்ணுமில்லங்க. தூசி."

ஓடிப்போய்க் கண்ணில் தண்ணீரை அறைந்தாள். நான்கு கை, ஐந்து கை. கால் மணி நேரமாவது கழுவியிருக்க வேண்டும். ஏழு மணி பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ்ஸுக்குள் கிட்டங்கியில் சுளகு கொடுத்துவிடுவார்கள். அதனால் கண்ணை விட்டுவிட்டுத் தலையை அலசினாள். கண்ணாடியில் பார்த்தால் தலை சில இடத்தில் கறுப்பு, சில இடத்தில் செம்பட்டை, நெற்றியில் கரிக்கோடு. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கறை போகும். ஆனால் எண்ணெய் வாடை வந்துவிடும். கையில் எடுத்த எண்ணெய்க் குப்பியைத் திரும்ப வைத்துவிட்டு, துண்டை நெற்றி மறையக் கட்டினாள். கண்ணாடியில் தெரிந்த முகம் அலை அலையாக ஆடியது. அப்போதுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. வேலை போகும் பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. கண்ணே போய்விட்டால்?

ராசிங்கபுரத்தில் பஸ் ஏறிய இருளம்மாள் பார்த்ததும் புரிந்துகொண்டாள். திட்டவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, "அண்ணாந்துக்கோ" என்றாள். ராசிங்கபுரத்திலிருந்து போடி வரை பிலோமினாவின் கண்ணில் தண்ணீரை விட்டுக்கொண்டே வந்தாள். பாட்டில் தீர்ந்தது, எரிச்சல் தீரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம், வா."

"வேணாம்க்கா. ஒரு சுளகுதானே? முடிச்சிட்டுப் போயிர்றேன்."

கிட்டங்கியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அஜய்குமார் நோட்டோடு நடந்து வந்தவன், இவர்கள் பக்கம் வந்ததும் நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன வாடை இது?"

பிலோமினா தலைத்துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டாள். தைலம் பூசி வந்தவளின் முகம் கண்முன் நின்றது.

"பினாயில் தம்பி. இப்பத்தான் வாசல்ல ஊத்திக் கழுவுனாக" என்றாள் இருளம்மாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

அவன் வாசல் பக்கம் முகம் சுளித்துவிட்டு, நேரத்தைச் சொல்லித் தொடங்கிவைத்தான்.

பிலோமினா சுளகின் மேல் குனிந்தாள். பச்சையாக ஒரு கலங்கல் தெரிந்தது, அவ்வளவுதான். வெடித்த காயை விரல் கண்டுபிடித்துவிடும். ஓட்டின் பிளவு நகத்தில் தட்டும். உள்ளே விதையில்லாத பொக்குக் காயையும் கனம் பார்த்துத் தள்ளிவிடலாம். ஆனால் வெளுத்த காயை விரலுக்கு எப்படித் தெரியும்? விரலுக்குப் பச்சை ஏது, வெள்ளை ஏது? கண்ணை அகல விரித்தால் நீர் கொட்டியது. மூடினால் இருட்டு. மாதாவே, மாதாவே என்று உதடு மட்டும் அசைந்தது. மரியராஜ் கட்டிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் தன் சுளகுக்குள் இன்னொரு கை ஓடுவது கேட்டது. காய் உரசுகிற சத்தத்திலேயே யார் கை என்று சொல்லிவிடலாம். அவ்வளவு வேகமும் அவ்வளவு மென்மையும் ஒருத்தியின் கைக்குத்தான் உண்டு.

"வேணாம்க்கா. ஒங்க சுளகப் பாருங்க" என்றாள் மூச்சுக்குள்.

"பேசாம இரு."

அஜய்குமார் வாசலுக்குப் போய் போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். இருளம்மாளின் கை பிலோமினாவின் சுளகில் வெளுத்ததை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி அவள் மடிப் பக்கம் குவித்தது. பிறகுதான் தன் சுளகுக்குத் திரும்பியது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அவன் ஒவ்வொரு குவியலாக எண்ணினான். பிலோமினாவுக்கு முப்பத்தெட்டு. இருளம்மாளுக்கு இருபத்தொன்று.

"என்னக்கா இது? ஒங்களத்தான் மொதப் பேரா எழுதணும்னு அப்பா சொல்லி அனுப்புனாக" என்றான் அஜய்குமார். உண்மையிலேயே வருத்தப்பட்டான். "கண்ணு மங்கிருச்சாக்கா?"

"வயசாச்சுல்ல தம்பி" என்றாள் இருளம்மாள்.

இப்போது வாய் திறந்திருக்க வேண்டும். பிலோமினா திறக்கவில்லை. பத்துப் பேரில் தன் பெயர் ஏழாவதாக வாசிக்கப்பட்டதைக் கேட்டாள், "இருக்கேன்" என்றாள். பயந்தவளுக்கு அந்த ஒரு சொல் மட்டும் எப்படி அவ்வளவு சத்தமாக வந்ததோ, தெரியவில்லை.

பஸ் நிலையம்வரை இருளம்மாள் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். வழியில் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தேவாரம் பஸ் வந்து நின்றதும் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"நீ பஸ்ஸுல ஏறாத. அந்தா, அங்கன ஆட்டோ நிக்கிது, நேரா கண்ணாஸ்பத்திரிக்குப் போ. கண்ணச் சரிபண்ணிக்கோத்தா. நாளைக்கு ஒனக்கு ஆரு பொறுக்கித் தருவா?"

சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அதில் கோபம் இல்லை, ஏச்சும் இல்லை. நிசமாகவே அந்தக் கவலையில்தான் கேட்டாள். அதுதான் பிலோமினாவுக்குத் தாங்கவில்லை. ஏசியிருந்தால் இரண்டு சொட்டு அழுதுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள்.

அவள் ஆட்டோவில் ஏறவில்லை. சுவரைத் தடவித் தடவிக் கிட்டங்கிக்குத் திரும்பி நடந்தாள். மரியராஜின் மருந்து, கஞ்சி, அடுத்த மாதம் எல்லாம் ஒவ்வொரு அடிக்கும் எதிரே வந்து நின்று மறித்தன. இரண்டு தடவை நின்றாள். இரண்டு தடவையும் திரும்பிப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

அஜய்குமார் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான்.

"தம்பி, அந்தக் காய் நான் பொறுக்குனது இல்ல. இருளம்மாக்கா பொறுக்குனது. அவுக காய விட்டுட்டு எனக்குப் பாத்தாக. எனக்குக் கண்ணே தெரியல."

தலைத்துண்டை அவிழ்த்தாள். நெற்றிக் கறுப்பையும், ரத்தமாகச் சிவந்து வீங்கிய கண்களையும் பார்த்து அவன் பதறிப்போனான்.

"எனக்கு நாப்பத்தெட்டு இல்ல தம்பி. அம்பத்தேழு. ஈரத் தலையில டை போட்டேன், கண்ணுல இறங்கிருச்சு."

அவன் நோட்டைத் திறந்தான். ஏழாவது பெயரை அடித்தான். அதற்கு மேலே காலியாக இருந்த இடத்தில் இருளம்மாளின் பெயரை எழுதினான். உடனே கார் டிரைவரைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகணும், சீக்கிரம் என்று கத்தினான். பிறகு அவளிடம் திரும்பினான்.

"நான் வயசக் கேக்கவே இல்லியேக்கா. கண்ணத்தானே கேட்டேன். அதுல போயி எதுக்குக்கா இதப் பூசுனீக?"

பிலோமினா அவன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"பயந்துட்டேன் தம்பி" என்றாள்.