நனையாத வீடு

அட்ராக்டா ஃபீலி பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். குளிர்காலத்தில் நாற்பது பிள்ளைகளை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. அதற்குப் பிறகு தன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. பேருந்தை மேட்டிலிருக்கும் தேவாலயத்தின் பக்கத்தில் நிறுத்துவாள். மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு டிராக்டரில் ஏறுவாள். சாலை தண்ணீருக்கு அடியில் எங்கோ இருக்கும். இரண்டு பக்கமும் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வேலிக் கம்பங்களுக்கு நடுவே வண்டியை மெல்லச் செலுத்தி, ஏரியின் நடுவில் ஒரு மண்கரைக்குள் உட்கார்ந்திருக்கும் தன் வீட்டை அடைவாள். இறங்கியதும் பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பாள். பிறகுதான் கணவனைக் கூப்பிடுவாள்.

ஜார்லத் இதைச் சொல்லிக்காட்டாமல் விடமாட்டான். "முதல்ல பம்புகிட்டதான் நலம் விசாரிக்கிற. நீ கட்டிக்கிட்டது என்னையா, அதையா?"

"அது ஒரு நாள்கூட என்கிட்ட டீ கேட்டதில்ல," என்பாள் அவள், கெட்டிலை அடுப்பில் வைத்துக்கொண்டே.

கோடையில் ஆடு மேயும் பள்ளம்தான் அவர்கள் ஊரான க்ளூன்பெக்கில் மழைக்காலத்து ஏரி. எந்த ஆறும் வந்து அதில் விழுவதில்லை. சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் ஊறி மேலே வரும். வசந்தம் வந்தால் வந்த வழியே இறங்கிப் போய்விடும். கல்யாணமான புதிதில் இவர்கள் வீடு கட்டக் கிளம்பியபோது, ஜார்லத்தின் அப்பா தன் ஆயுளில் தண்ணீர் ஏறிப் பார்த்த எல்லைக்கு ஓர் ஆள் உயரம் மேலேதான் அஸ்திவாரத்துக்கு இடம் காட்டினார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் பார்த்த மழை வேறு.

பதினெட்டு வருஷம் கழித்து ஒரு நவம்பரில் தண்ணீர் முதன்முறையாக வாசற்படிக்கு வந்தது. ஊரே திரண்டு வந்து கதவுகளில் மணல் மூட்டை அடுக்கியது. எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோது அட்ராக்டா மட்டும் சமையலறைத் தரையில் இரண்டு ஓடுகளுக்கு இடையில் ஒரு குமிழி எழுந்து உடைவதைப் பார்த்தாள். அப்புறம் இன்னொன்று. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை, காலடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளே கடப்பாரையை எடுத்துப் பின்னறைத் தரையை உடைத்துக் குழி தோண்டினாள். வீட்டுக்கு அடியில் ஊறும் தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்கு இறங்கியது. அங்கிருந்து ஒரு சின்ன பம்ப் அதை வெளியே தள்ளியது. தரை ஈரமானதோடு அந்த வருஷம் போயிற்று.

அடுத்த கோடையில் இருவரும் வீட்டைச் சுற்றிக் களிமண் கரை போட்டார்கள். கழிவறைக் குழாய்களுக்கு அடைப்பான் வைத்தார்கள். மின்சார சுவிட்சுகளையெல்லாம் தோள் உயரத்துக்கு ஏற்றினார்கள். அதற்குள் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. தீக்கும் திருட்டுக்கும் உண்டு, வெள்ளத்துக்கு இனிமேல் இல்லை. அட்ராக்டா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, திருட வருகிறவன் படகில் அல்லவா வரவேண்டும் என்று சிரித்தாள்.

ஜார்லத்துக்கு நுரையீரல் கெட்டபோது சிரிப்பு நின்றது. முப்பது வருஷமாக ஆடுகளுக்குப் போட்ட பழைய வைக்கோலின் பூஞ்சையைச் சுவாசித்ததன் பலன் என்றார் டாக்டர். பத்தடி நடந்தால் நிற்கவேண்டும். வீட்டில் ஓர் ஆக்சிஜன் இயந்திரம் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் குடியேறுங்கள் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். வீட்டை விற்கலாம் என்று தரகரை அழைத்தார்கள். ஜூன் மாதம், பள்ளமெல்லாம் பசும்புல், மஞ்சள் பூக்கள். தரகர் வீட்டுக்குள் வரவே இல்லை; கேட்டருகிலேயே நின்று பேசினார். நல்ல வீடு, அருமையான இடம், ஆனால் வெள்ளக் காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தராது, கடன் இல்லாமல் வாங்குகிறவன் இங்கே வாங்கமாட்டான் என்றார். வீட்டு வரி மட்டும் ஒரு வருஷமும் தவறாமல் வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த நீண்ட குளிர்காலம். டிசம்பர் முதல் வாரத்தில் ஏறிய தண்ணீர் எழுபத்தொன்பது நாள் இறங்கவில்லை. குழியிலும் கரையோரமுமாக மூன்று பம்புகள் ஓடின. ஒருவர் தூங்கினால் ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஜார்லத் நாற்காலியில் உட்கார்ந்தபடி குழியில் நீர்மட்டம் பார்ப்பான்; அட்ராக்டா டீசல் ஊற்றுவாள், கரையில் கசியும் இடங்களை மண் வைத்து மிதிப்பாள், நேரமானால் பேருந்துக்கு ஓடுவாள். அடுத்த வீட்டு மலாக்கி தனி ஆள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பே நாயையும் தொலைக்காட்சியையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அவன் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஃபீலி வீட்டுத் தரையில் காலுறையோடு நடக்கலாம்.

மார்ச்சில் மாவட்டக் கவுன்சிலிலிருந்து கிரான்யா என்ற பெண் வந்தாள். வெள்ளத்தில் மாட்டிய வீடுகளிலிருந்து குடும்பங்களை வேறு இடத்துக்குக் குடியமர்த்த அரசு உதவும் புதுத் திட்டம் ஒன்று வந்திருந்தது. அட்ராக்டா சோடா ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். கிரான்யா கரையைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், இப்படி ஒரு வேலையை எங்கேயும் பார்த்ததில்லை என்று மனதாரச் சொன்னாள். பிறகு படிவத்தைப் பிரித்தாள். குடியிருக்கும் அறைகளில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பது நான்காவது கேள்வி.

"நிக்கல," என்றாள் அட்ராக்டா.

"கொஞ்சம்கூடவா?"

"விட்டாத்தானே நிக்கும்."

கிரான்யா பேனாவைக் கீழே வைத்தாள். உள்ளே தண்ணீர் புகுந்த வீடுகளுக்குத்தான் திட்டம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள். சுற்றி நின்ற தண்ணீர் கணக்கில் வராது. வேண்டுமானால் கதவுக்குப் போடும் தடுப்புப் பலகைகள் இலவசமாகத் தரமுடியும். தண்ணீர் தரைக்கு அடியிலிருந்து வருகிறது என்று அட்ராக்டா சொன்னாள். அது தனக்கும் புரிகிறது என்றாள் கிரான்யா.

மலாக்கிக்கு அந்த உதவி கிடைத்தது. ராஸ்காமன் நகரத்தில் படிக்கட்டு இல்லாத சின்ன வீடாகப் பார்த்து வாங்கிக்கொண்டான். சொல்ல வந்தவன் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றான்.

"நான் ஒண்ணுமே செய்யல, அட்ராக்டா. ஓடித்தான் போனேன்."

"நாங்க செஞ்சோம்ல, அதான் தப்பு. உட்காரு, டீ ஆறுது."

அவன்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. கரையின் மேல் நின்று பார்த்தால், தான் வெட்டிப்போட்ட ஒவ்வொரு கூடை மண்ணும் தண்ணீரை வெளியே நிறுத்தியது போலவே தங்களை உள்ளே நிறுத்திவிட்டதாகத் தோன்றியது.

மூன்று வருஷம் கழித்து ஜனவரியில் தண்ணீர் மறுபடியும் கரையின் விளிம்புவரை ஏறியது. திட்டத்தை மறுபடி திறந்திருப்பதாகச் செய்தி வந்திருந்தது. ஜார்லத் இப்போது ஆக்சிஜன் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இருக்கமுடியாது. முந்திய வாரம் மின்சாரம் போனபோது அவளே டிராக்டரின் பின்னே அவனை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் பம்ப் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு சனிக்கிழமை காலை உணவுக்குப் பிறகு சொன்னான்.

"நிறுத்திடு."

எதை என்று அவள் கேட்கவில்லை. "நீ முதல்ல உன் அக்கா வீட்டுக்குப் போ," என்றாள்.

அவனை நகரத்தில் விட்டுவிட்டு மதியம் திரும்பினாள். படுக்கைகளை மேஜைமேல் ஏற்றினாள். கம்பளங்களைச் சுருட்டினாள். வெளியூரில் இருக்கும் மகளின் பழைய பள்ளிப் புத்தகங்கள், கல்யாண ஆல்பம், சமையல் பாத்திரங்கள் எல்லாவற்றையும் பரண்மேல் போட்டாள். மூன்று பம்புகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு, கடைசியில் மெயின் சுவிட்சையும் இறக்கினாள். வீட்டில் அப்படி ஓர் அமைதியை அவள் வருஷக்கணக்காகக் கேட்டதில்லை. கழுவுதொட்டிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். முக்கால் மணி நேரத்தில் ஓடுகளின் இடுக்கெல்லாம் மினுங்கியது. பிறகு தண்ணீர் அவசரமில்லாமல், தெளிவாக, சேறுகூட இல்லாமல் அறைக்கு அறை போயிற்று. இரண்டு தடவை எழுந்து பம்ப் வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினாள். சாயங்காலம் தண்ணீர் கணுக்காலைத் தாண்டியபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். யாரோ தன் வீட்டை அடித்ததுபோல இருந்தது, அடித்தது தானே என்றும் இருந்தது.

கிரான்யா திங்கட்கிழமை வந்தாள். தண்ணீருக்குள் நின்று, அளவுகோல் வைத்து, படம் எடுத்தாள். படிவத்தில் எழுதிக்கொண்டே கேட்டாள்.

"பம்ப் நின்னுடுச்சா?"

"நிறுத்தினேன்."

கிரான்யா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். வேறு யாரும் அங்கே இல்லை. "நான் கேட்டது, நின்னுடுச்சான்னு," என்றாள் மெதுவாக.

அந்தக் கேள்வி எவ்வளவு கருணையானது என்று அட்ராக்டாவுக்குப் புரிந்தது. ஒரே ஒரு 'ஆமா' போதும். ஆனால் அப்படிச் சொன்னால், இத்தனை வருஷம் அவள் கண்விழித்துப் பார்த்துக்கொண்ட பம்ப் ஒரு நாள் தானாகக் கெட்டுப்போயிற்று என்றும், அதுவரை வீடு தானாக உலர்ந்திருந்தது என்றும் ஆகிவிடும்.

"எங்க பம்ப் நிக்காது. நான் நிறுத்தினேன்னே எழுதுங்க," என்றாள்.

கிரான்யா எழுதினாள். போகும்போது, முடிவு வரும்வரை யாராவது ஒருவர் இந்த வீட்டில் குடியிருந்தே ஆகவேண்டும், காலி வீட்டுக்கு விண்ணப்பம் செல்லாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மாலையே அட்ராக்டா பம்புகளை ஓட்டினாள். ஈரம் காயாத வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். ஜார்லத் அக்கா வீட்டின் ஒற்றை அறையில் தங்கினான். பேருந்து ஓட்டி முடித்து அவனைப் போய்ப் பார்ப்பாள். பிறகு, வீட்டைவிட்டுக் கிளம்பி வருவதற்கான அனுமதிக்காக அதே வீட்டுக்குத் திரும்புவாள்.

ஜூலையில் கடிதம் வந்தது. குடியிருப்பவரின் சொந்தச் செயலால் புகுந்த நீர் என்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. ஜார்லத் அதை இரண்டு முறை படித்தான். "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருக்கலாம்," என்றான்.

"சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா நீ என்னைக் கட்டிக்கிட்ட அட்ராக்டா இல்ல." அவன் மூச்சு வாங்கிக்கொண்டு கடிதத்தை மடித்தான். "அதுக்காக எனக்கு வருத்தம் இல்லன்னு நினைக்காத."

மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். அதற்கும் வீட்டில் ஆள் குடியிருக்கவேண்டும் என்ற அதே நிபந்தனை. ஆடுகளை விற்றுவிட்டாள், வீட்டை விட்டுவிட முடியவில்லை. விட்டுவிட்டால் ஒன்றுமே இல்லை.

சென்ற அக்டோபரில் ஏரியின் மறுகரையிலிருந்து ஓர் இளம் தம்பதி அவளைத் தேடி வந்தார்கள். அவர்கள் வீட்டு வேலிவரை போன குளிர்காலத்தில் முதன்முறையாகத் தண்ணீர் வந்திருந்தது. வீட்டை உலர வைப்பது எப்படி என்று அட்ராக்டா ஃபீலியிடம் கேட்டால் தெரியும் என்று ஊரில் சொல்லியிருக்கிறார்கள். அவள் பின்னறைக்கு அழைத்துப்போய்க் குழியைக் காட்டினாள். எவ்வளவு ஆழம், எங்கே அடைப்பான், கரைக்கு எந்தக் களிமண் என்று எல்லாம் சொன்னாள். கணவன் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். நன்றி சொல்லிக் காரில் ஏறியவர்களை அவள் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம் செய்றதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள விட்டுடுங்க. அளந்து, படம் எடுத்து, கவுன்சில்காரங்க கையெழுத்து வாங்கிக்கங்க. அப்புறமா தடுங்க."

அந்தப் பெண் திடுக்கிட்டுப் பார்த்தாள். வயிற்றில் ஆறு மாதம் இருக்கும். "வீட்டுக்குள்ளயா? நாங்களேவா?"

"ஆமா. யாரும் கேட்டா, பெரிய மழைன்னு சொல்லுங்க."

அவர்கள் காரைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். இரண்டே முக்கால் ஆகியிருந்தது. அட்ராக்டா பம்பை ஒரு முறை ஓட்டிப் பார்த்து அணைத்துவிட்டு, பிள்ளைகளை ஏற்றப் பேருந்துக்குக் கிளம்பினாள்.