கியோட்டோவைத் தேடினால் டோக்கியோ வருகிறது

ஜப்பானிய விலாசங்களைக் கம்ப்யூட்டரில் தேட வைக்கும் வேலை, பாறசாலையில் இருக்கும் என் மகளுக்கு எதற்குக் கிடைக்கிறது? சந்தேகம் தீராமல் இன்று நெய்யாற்றின்கரையில் அவள் ஆபீசுக்கே போய்விட்டேன்.

"மக்கா, ஒனக்கு ஜப்பான் பாஷை அறியுமா?"

"அறியாதுப்பா. அவங்க வார்த்தைக்கு இடையில இடம் விடமாட்டாங்க. அதனால மெஷின்ட்ட ரெண்டு ரெண்டு எழுத்தா வெட்டித் தேடச் சொல்லிருக்கேன். இன்னைக்கு சரியா வந்தாத்தான் எனக்க வேலை உறப்பு ஆக்கும்."

கியோட்டோ என்று இரண்டு எழுத்தைத் தேடினாள். விலாசங்கள் வரிசையாக வந்தன.

பத்தாம் வகுப்பை மூன்று முறை எழுதியவன் நான். ஆனால் லாட்டரிச் சீட்டைப் பேப்பரோடு ஒத்துப் பார்த்தே தேய்ந்த கண். கடைசி எண்கள் பொருந்தி, முன்னால் ஒன்று தப்புகிற வேதனை நன்றாகத் தெரியும்.

"இதுல மட்டும் முன்னால ஒரு எழுத்து கூடுதல் உண்டே?"

அவள் முகம் மாறியது. "அய்யோ, இது டோக்கியோப்பா. இதுக்க மூணு எழுத்துல கடைசி ரெண்டும் கியோட்டோவுக்க எழுத்தாக்கும்."

மெஷினுக்கு ஊர்ப்பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, பெயர் பெயராக வெட்டும்படி மாற்றினாள். டோக்கியோ ஒழிந்தது. வேலை உறுதியானது.

தப்பைப் பிடித்தது நான் என்று அறிந்த அவள் முதலாளி எனக்குச் சாயாவும் பழம்பொரியும் வாங்கித் தந்து, "சேட்டன் நாளையும் வரணும் கேட்டோ" என்றார்.

காரணமில்லாமல் பழம்பொரி தருகிற முதலாளியை நான் இதுவரை கண்டதில்லை. நீங்கள் யாராவது கண்டதுண்டா?